கழுத்தில் பூட்டு, கையில் சம்பளம்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரயில், புகைமூட்டம், ஷெர்லக் ஹோம்ஸ், நம் ஊரை ஆண்ட துரைகள். அந்த துரைமார் வீட்டு அடுக்களையில் தரை தேய்த்தவர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. வரவும் வழியில்லை. பெரும்பாலும் அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. காலை ஆறு மணிக்கு முன்னால் எழுந்து இரவு பத்து பதினொன்று வரை வேலை செய்பவருக்கு எழுத நேரம் ஏது?

ஒருவர் எழுதினார். 17 நோட்டுகள். பெயர் ஹன்னா கல்விக். அவர் எழுதக் காரணம், எழுதச் சொல்லி ஒருவர் கேட்டதுதான். அவர் ஆர்தர் மன்பி. ஹன்னாவின் காதலர், பிற்பாடு கணவர். ஹன்னாவின் சொல்லில் அவர் 'மாஸா', அதாவது எஜமான். வயது வந்த இருவர் மனம் ஒப்பி, ஒருவர் எஜமானாகவும் மற்றவர் ஏவலாளாகவும் வாழ்வது என்று முடிவு செய்து, ஏறக்குறைய ஆயுள் முழுக்க அப்படியே இருந்தார்கள். இன்றைக்கு இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் தனிப் பெயர்கள் வந்துவிட்டன. அன்று பெயர் கிடையாது. அவர்களாக ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

வம்புக்காக இதை எழுதவில்லை. 'சம்மதம்' என்ற சொல்லை நாம் ரொம்ப சுலபமாகப் புழங்குகிறோம். அதை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் எனக்குக் கிடைக்கவில்லை.

எழுத ஆரம்பித்ததுமே ஒரு சிக்கல். தமிழில் வக்கீலுக்கு 'அவர்' என்றும் வேலைக்காரப் பெண்ணுக்கு 'அவள்' என்றும் கை தானாகப் போகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்தக் கட்டுரையில் இருவருமே 'அவர்'தான்.

எட்டு வயதில் ஆரம்பம்

ஹன்னா பிறந்தது 1833 மே 26, ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஷிஃப்னல் என்ற சிற்றூர். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். தர்மப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படிப்பு, எட்டு வயதிலேயே வேலை. 14 வயதில் இரண்டு வார இடைவெளியில் அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அப்புறம் வீடு வீடாக வேலைதான்.

அன்றைய இங்கிலாந்தில் வீட்டு வேலை என்பது சின்ன விஷயமில்லை. 1851 மக்கள்தொகைக் கணக்கில் பிரிட்டனில் வீட்டு வேலையாட்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். பெண்களுக்கு அதைவிடப் பெரிய தொழில் வேறு இல்லை. அதற்குள்ளேயே படிநிலைகள். மேலே வீட்டு நிர்வாகி, சமையல்காரர். நடுவில் படுக்கையறை, உணவறைப் பணிப்பெண்கள். அடியில் பாத்திரம் தேய்ப்பவர். சிறிய வீடுகளில் எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்யும் பெண் ஒருத்தி. 1861-ல் புத்தகமாக வந்த மிஸஸ் பீட்டனின் பிரபலமான குடும்ப நிர்வாக நூல் இந்த ஒவ்வொரு ஆளுக்கும் கடமைகளையும் சம்பளத்தையும் பட்டியல் போடுகிறது. எல்லா வேலையும் செய்பவருக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு!

வேலை என்னவென்றால்: விடியும் முன் கணப்பிலிருந்து சாம்பலை அள்ளி, இரும்புக் கம்பிகளுக்குக் கறுப்பு மெழுகு பூசித் தேய்த்து மினுக்க வேண்டும். நிலக்கரி வாளியை மாடி மாடியாகத் தூக்க வேண்டும். வெந்நீர் மேலே போகும், அழுக்குத் தண்ணீரும் இரவுச் சட்டிகளும் கீழே வரும். வாசற்படியை மண்டியிட்டுத் தேய்க்க வேண்டும். கத்தி, கரண்டி, பூட்ஸ்... பூட்ஸ்... பூட்ஸ். ஹன்னா எத்தனை ஜோடி துடைத்தோம் என்று எண்ணி நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.

இதையெல்லாம் பயிற்றுவிக்கப் பள்ளிக்கூடம் பெரிதாகக் கிடையாது. சின்ன வீட்டில் சின்னப் பெண்ணாகச் சேர்ந்து, மூத்த வேலைக்காரரிடம் திட்டு வாங்கிக் கற்க வேண்டியதுதான். எஜமானிக்குப் பிடிக்கவில்லை என்றால் சீட்டைக் கிழித்துவிடுவார். போகும்போது நன்னடத்தைச் சான்று தரவில்லை என்றால் அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. ஒரு பெரிய வீட்டில் ஹன்னாவையே, பாத்திரம் துலக்கும்போது விளையாடினார் என்று அனுப்பியிருக்கிறார்கள். பதின்ம வயதுப் பெண் விளையாடாமல் என்ன செய்யும்?

1854 மே 26

ஒரு சீமான் குடும்பத்தோடு வேலையாக லண்டன் வந்திருந்த ஹன்னா தெருவில் நடந்து போகிறார். அன்று அவருக்கு 21-வது பிறந்தநாள். எதிரே மன்பி. 25 வயது, யார்க் நகரத்து வசதியான குடும்பம், கேம்பிரிட்ஜ் படிப்பு, வக்கீல் தொழிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். நின்று பேசினார்.

மன்பி ஒரு விசித்திரமான மனிதர். உழைக்கும் பெண்கள் மேல் அவருக்குத் தீராத ஈடுபாடு. விகன் நிலக்கரிச் சுரங்கத்துப் பெண்கள், யார்க்ஷயர் கடற்கரை மீனவப் பெண்கள், லண்டனின் பால்காரிகள் என்று தேடித்தேடிப் பேசினார், எழுதினார், போட்டோ சேகரித்தார். இன்று அந்தச் சேகரிப்பு வரலாற்று ஆய்வாளர்களுக்குப் புதையல். ஆனால் அந்தப் பார்வையில் ஆராய்ச்சி மட்டும் இல்லை, ஆசையும் இருந்தது. அழுக்கும் காய்ப்பும் ஏறிய வலுவான கைகள்தான் அவருக்கு அழகு.

ஹன்னாவின் பக்கமும் ஒரு முன்கதை உண்டு. மன்பியைச் சந்திக்கும் முன்பே பைரன் எழுதிய 'சார்டனாபாலஸ்' நாடகத்தை லண்டனில் பார்த்திருந்தார். அரசனைக் காதலிக்கும் ஓர் அடிமைப் பெண் அதில் வருகிறாள். அந்தப் பாத்திரம் ஹன்னா மனதில் தங்கிவிட்டது. ஆக, எஜமானும் அடிமையும் என்ற கற்பனை முழுக்க மன்பி அவர் தலையில் கட்டியதல்ல. இருவரும் ஆளுக்குப் பாதி கொண்டு வந்தார்கள்.

யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தது?

தரை தேய்ப்பதற்கு மன்பி ஹன்னாவுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. அந்த வித்தையில் ஹன்னா எம்.ஏ. :-) மன்பி பழக்கியது வேறு. அன்றாடம் செய்த வேலையை எழுதி அனுப்ப வேண்டும். 'மாஸா' என்று அழைக்க வேண்டும். விடுமுறை மாலைகளில் அவர் அறைக்கு வரும்போது கணப்பைச் சுத்தம் செய்து, பூட்ஸ் துடைத்து, அவர் கால்களைக் கழுவ வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஹன்னா அவர் மடியில் உட்கார்ந்துகொள்வார், அவர் புத்தகம் வாசித்துக் காட்டுவார். ஹன்னா பிரெஞ்சு கூடக் கொஞ்சம் படித்தார்.

அடையாளங்களும் இருந்தன. கழுத்தில் பூட்டுப் போட்ட சங்கிலி, சாவி மன்பியிடம். மணிக்கட்டில் தோல் பட்டை. எண்ணெயும் அழுக்கும் ஏறிய அந்தப் பட்டையைக் கழற்றச் சொன்ன ஒரு வீட்டில், கழற்ற மாட்டேன் என்று சொல்லி வேலையையே இழந்தார். சம்பளம் கொடுத்த எஜமானியின் சொல்லைத் தட்டியாயிற்று. சம்பளம் கொடுக்காத, தானே வரித்துக்கொண்ட எஜமானின் அடையாளத்தை விடவில்லை.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்தேன். ஒரே கை, ஒரே துடைப்பம், ஒரே கரி. கூலிக்குச் செய்தபோது அது பிழைப்பு. மன்பியின் அறையில் செய்தபோது அது அவர் தேர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்னொன்று. ஹன்னா மேல்நிலை வேலைகளுக்குப் போக விரும்பவில்லை. கெட்டிக்காரர், போயிருக்கலாம். போனால் எஜமானியின் கண் எப்போதும் மேலே இருக்கும். கீழ்நிலை வேலைக்காரி கரி பூசிய முகத்தோடு தெருவில் இறங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நினைத்தபோது மன்பியைப் பார்த்துவிட்டு வரலாம். சீமாட்டிகளோ துணையில்லாமல் தெருமுனை தாண்ட முடியாது. தாழ்ந்த வேலையில் தனக்கு இருக்கும் சுதந்திரத்தை ஹன்னா தெளிவாகவே உணர்ந்து எழுதியிருக்கிறார்.

தாலி வேண்டாம், சம்பளம் வேண்டும்

சந்தித்து ஏறக்குறைய 19 ஆண்டுகள் கழித்து, 1873 ஜனவரி 14 அன்று க்ளெர்க்கென்வெல் தேவாலயத்தில் ரகசியமாகக் கல்யாணம். மன்பியின் வட்டத்தில் மிகச் சிலருக்கே தெரியும். 'ஏழைப் பெண் சீமாட்டி ஆனாள், சுபம்' என்று நம் பழைய சினிமா மாதிரி முடிய வேண்டிய இடம். ஹன்னா விடவில்லை.

கல்யாணப் பத்திரத்தைக் கண்டு அவர் துள்ளிக் குதிக்கவில்லை. தன் பழைய குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார். சம்பளத்தையும் தொடர்ந்து தர வேண்டும் என்றார். தன் சேமிப்பைத் தனியாக வைத்துக்கொண்டார். லண்டனில் வக்கீல்கள் வசிக்கும் இன்னர் டெம்பிள் வளாகத்தில் மன்பியின் வீடு. அங்கே வெளியாருக்கு அவர் வேலைக்காரர். கதவைச் சாத்தினால் மனைவி. அந்த ஆண்டு பிரான்ஸ் போனபோது தொப்பி, கையுறை சகிதம் சீமாட்டியாக உடுத்திக்கொண்டார். நன்றாகவே நடித்தார். ஆனால் அதுதான் அவருக்கு வேஷம். அடுக்களைதான் இயல்பு.

ஏன் இந்தப் பிடிவாதம்? அன்றைய சட்டத்தைப் பார்த்தால் புரியும். 1870 வரை இங்கிலாந்தில் மனைவி சம்பாதித்த காசு சட்டப்படி கணவனுடையது. அந்த ஆண்டு வந்த சட்டம் அவள் உழைத்த கூலியை அவளுக்கே விட்டது. சொத்து முழுவதற்கும் அந்த உரிமை வர 1882 ஆனது. விவாகரத்திலும் ஓரவஞ்சனை: 1857 சட்டப்படி கணவன் மனைவியின் கள்ள உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ கள்ள உறவோடு கொடுமை, கைவிடல் மாதிரி இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். வேலைக்காரிக்கு? வழக்கப்படி ஒரு மாத நோட்டீஸ், மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம்.

அதாவது சட்டத்தின் கண்ணில் மனைவியைவிட வேலைக்காரிக்கு வெளியேறும் கதவு அகலம். கழுத்தில் சங்கிலி மாட்டிக்கொண்ட இந்தப் பெண் கல்யாணத்தைத்தான் சங்கிலியாகப் பார்த்தார். முதலாவதன் சாவி இருவரும் பேசி வைத்துக்கொண்டது. இரண்டாவதன் சாவி பார்லிமெண்டில் இருந்தது!

நெருடல்கள்

இதை ஒரு புரட்சிக் காதலாகக் கொண்டாடிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு காரணங்கள்.

முதலாவது, அந்த 17 நோட்டுகளும் மன்பி கேட்டு, மன்பி படிப்பதற்காக எழுதப்பட்டவை. எஜமான் படிக்கப்போகும் டைரியில் ஏவலாள் எவ்வளவு உண்மை எழுதுவார்? கோபங்களும் எரிச்சல்களும் அதில் உண்டு என்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. ஆனாலும் வரிக்கு வரி நம்பி வாசிக்கக் கூடாது. காசு, படிப்பு, குலம் மூன்றும் மன்பி பக்கம். தராசு தொடக்கத்திலேயே சாய்ந்துதான் இருந்தது.

இரண்டாவது, 'மாஸா' என்ற அந்தச் சொல். அது கரும்பு, பருத்தித் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வாயிலிருந்து வந்த சொல். ஹன்னா பிறந்த அதே 1833-ல்தான் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. இழப்பீடாக 2 கோடி பவுண்டு கொடுத்தார்கள். அடிமைகளுக்கா? இல்லை, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! அமெரிக்காவில் அடிமை முறை முடிய 1865 ஆனது. ஹன்னா உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு அடிமையாக போட்டோவுக்கு நின்ற நாட்களில், கடலுக்கு அப்பால் நிஜ அடிமைகள் நிஜச் சவுக்கடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு அல்ல, சாவி கொடுத்து வைக்க ஆளும் இல்லை.

இங்கே நம் கதையும் ஒட்டிக்கொள்கிறது. விடுதலையான அடிமைகளின் இடத்தை நிரப்பத் தோட்ட முதலாளிகள் தேடிப் பிடித்தது இந்தியர்களை. மொரீஷியஸுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். அடிமைகளே இல்லாத புதிய கரும்புக் காடுகளுக்கும் ஆள் போனது. 1860-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆட்களை இறக்கியது. நம்மவர்கள்தான் நிறைய. ஐந்தாண்டு ஒப்பந்தம், காகிதத்தில் எல்லாமே சம்மதம். கைநாட்டு வைத்தாயிற்றே! ஆனால் இடையில் வேண்டாம் என்று வேலையை விட்டால் அது குற்றம், சிறை வரைக்கும் போகும். நுழையும்போது கேட்டுவிட்டு, வெளியேறும் கதவை அடைப்பதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியுமா?

கதவைத் திறந்துகொண்டு போனவர்

ஹன்னா தன் கதவைப் பயன்படுத்தினார். 1877-ல் உரசல்கள் முற்றி, உடம்பும் மனசும் சரியில்லாமல், லண்டனை விட்டு ஷ்ராப்ஷயருக்கே போய்விட்டார். போய்? மறுபடி வேலைக்குச் சேர்ந்தார், சொந்தக் காலில் நின்றார். மன்பி சில ஆண்டுகளுக்குப் பிறகு அவரைத் தேடிப் போக ஆரம்பித்தார். கடைசி வரை போய்வந்தார். ஹன்னா 1909 ஜூலை 9 அன்று இறந்தார். மன்பி அடுத்த ஜனவரியில். அவர் உயில் வெளியானபோதுதான் இப்படி ஒரு கல்யாணமே நடந்தது ஊருக்குத் தெரிந்தது. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி.

மன்பி தன் டைரிகளையும் ஹன்னாவின் நோட்டுகளையும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ப்பித்தார், 1950 வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1972-ல் டெரெக் ஹட்சன் மன்பியின் வரலாற்றை எழுதினார். 1984-ல் லிஸ் ஸ்டான்லி தொகுப்பில் ஹன்னாவின் டைரி தனிப் புத்தகமாக வந்தது. எஜமானுக்கு எழுதியது ஊருக்கே கிடைத்தது. விகன் பெண்களைப் பற்றியெல்லாம் மன்பிதான் எழுதினார். ஹன்னாவைப் பற்றி ஹன்னாவே எழுதினார்.

நம் வீட்டுக்கு வருவோம்

என்னை மாதிரி வேலை நிமித்தம் வெளிமாநிலம் வந்த குடும்பங்களில், கணவன் மனைவி இருவரும் ஆபீஸ் போக, வீடு நடப்பது இன்னொரு பெண்ணின் கையால். இங்கே புனேவில் 'மாவ்ஷி' என்று கூப்பிடுகிறோம். சித்தி, பெரியம்மா மாதிரி உறவுச் சொல்தான். நம் ஊரிலும் 'அக்கா', 'ஆயாம்மா' உண்டு. உறவுச் சொல் நல்லதுதான், ஆனால் அது லீவுக்கும் நோட்டீஸுக்கும் ஈடாகாது. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்லும் வீட்டில், அந்தப் பொண்ணு ஒருநாள் "முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டு வேலையாட்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-ல் ஜெனீவாவில் நிறைவேறியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்ததோடு சரி, ஏற்று ஒப்பவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்கான சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஹன்னாவின் காலத்து ஒரு மாத நோட்டீஸ் வழக்கம் கூட நம்மூர் அடுக்ககங்களில் எத்தனை பேருக்கு உண்டு?

ஹன்னா-மன்பி மாதிரி வாழ்வது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? இரண்டு பேர் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டது அது. எனக்கு அதில் கிடைத்தது ஒரு அளவுகோல்தான். பணிவைப் பார்த்துச் சம்மதம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. மறுப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சீமாட்டியாக மாட்டேன், பெயரை மாற்ற மாட்டேன், சம்பளத்தை விட மாட்டேன், இனி இங்கே இருக்க மாட்டேன். ஹன்னாவின் இந்த நாலு 'மாட்டேன்'களும் இருப்பதால்தான் அவருடைய 'சரி'யை நம்ப முடிகிறது.

காதலோ கல்யாணமோ வேலையோ, எந்த உறவுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?